விதைகளைத் தேடி உலகைச் சுற்றிய வாவிலோவ்



அறுவடை முடிந்ததும் அடுத்த பட்டத்துக்கு விதை எப்படி எடுத்து வைக்கிறீர்கள்? நாட்டு மக்காச்சோளம் என்றால் இருப்பதிலேயே பெரிய நாலைந்து கதிர்களை எடுத்து உத்திரத்தில் கட்டித் தொங்கவிடுவோம். நாட்டுக் கத்தரி என்றால் நன்றாகக் காய்த்த ஒரு செடியில் இரண்டு பழங்களைப் பழுக்க விடுவோம். பார்த்தால் இதில் தவறு எதுவும் தெரியாது. ஆனால் இப்படி ஒன்றிரண்டு செடிகளில் மட்டும் விதை எடுத்துக்கொண்டே வந்தால், சில ஆண்டுகளில் ரகத்தின் பெயர் மட்டும்தான் மிஞ்சும். வறட்சியையும் நோயையும் தாங்கிய குணங்கள் நமக்குத் தெரியாமலே நழுவிப் போயிருக்கும்.

பயிரின் பலம் அதன் வேறுபாட்டில் இருக்கிறது என்பதை உலகுக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் வாவிலோவ். விதைகளைச் சேகரிப்பதற்காகவே வாழ்ந்த அவர், கடைசியில் சிறையில் போதிய உணவில்லாமல் இறந்தார். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், நம் வீட்டு விதைப் பானையை எப்படிப் பாதுகாப்பது என்பதும் தெரியும்.

நத்தையில் தொடங்கிய படிப்பு

வாவிலோவ் 1887-ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தார். அவருடைய தந்தை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, நகரத்துக்கு வந்து, துணி வியாபாரத்தில் முன்னேறியவர். வாவிலோவுக்கு நான்கு வயதானபோது, 1891-இல் ரஷ்யாவில் பெரும் பஞ்சம் வந்தது. மழை பொய்த்தால் லட்சக்கணக்கில் மக்கள் மடிவது அந்த நாட்டில் மீண்டும் மீண்டும் நடந்தது.

மகன் வியாபாரத்துக்கு வரவில்லை. மாஸ்கோ வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். பட்டப்படிப்பின் முடிவில் அவர் செய்த ஆய்வு, வயலிலும் தோட்டத்திலும் பயிரைத் தின்னும் ஓடில்லா நத்தைகளைப் பற்றியது. விவசாயியின் அன்றாடத் தொல்லையில் இருந்துதான் அவருடைய ஆராய்ச்சி தொடங்கியது. அடுத்து, கோதுமை போன்ற தானியப் பயிர்கள் நோயை எதிர்ப்பது எப்படி என்று ஆராய்ந்தார். ஒரே வயலில், ஒரே காற்றில், ஒரு ரகம் துரு நோயில் அழிகிறது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு ரகம் பச்சையாக நிற்கிறது. அந்தத் தாங்கும் சக்தி மரபு வழியாக வருகிறது என்பது அப்போதுதான் தெளிவாகி வந்தது. 1913-இல் இங்கிலாந்து சென்று, மரபியல் துறையை வளர்த்த பேட்சனிடம் பயின்றார்.

களைவிதை காட்டிய வழி

1916-இல் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பாரசீகத்தின் வடபகுதியில் இருந்த ரஷ்யப் படைவீரர்கள் ரொட்டி தின்றதும் தலைசுற்றி மயங்கினார்கள். காரணம் கண்டறிய வாவிலோவ் அனுப்பப்பட்டார். கோதுமையோடு கலந்து விளைந்த ஒரு நச்சுக் களையின் விதை மாவில் சேர்ந்திருப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்.

வேலை முடிந்ததும் அவர் ஊர் திரும்பவில்லை. அங்கிருந்து பாமிர் மலைகளுக்குப் போனார். அங்கே மலை ஏற ஏற ஒரு மாற்றத்தைக் கவனித்தார். தாழ்வான வயல்களில் கோதுமை பயிராகவும், ரை என்ற தானியம் களையாகவும் இருந்தது. உயரம் கூடக் கூடக் குளிர் தாங்காத கோதுமை குறைந்தது, ரை பெருகியது. உச்சியில் ரை மட்டுமே நின்றது. அங்குள்ள விவசாயிகள் அதையே அறுத்து உணவாக்கிக்கொண்டார்கள். களையாக இருந்த செடி இப்படித்தான் பயிராக மாறியது என்று வாவிலோவ் விளக்கினார்.

களை, காட்டுச்செடி, பயிர் மூன்றும் ஒரே உறவுக் கூட்டம் என்பது இதிலிருந்து தெரிகிறது. பயிரில் இல்லாத குணம், வரப்பில் நிற்கும் அதன் காட்டு உறவினரிடம் இருக்கலாம்.

பயிர்களின் தாய்வீடு

1917 முதல் வோல்கா ஆற்றங்கரையில் உள்ள சராத்தோவ் நகரில் பேராசிரியராக இருந்தார். 1921-இல், பிற்காலத்தில் லெனின்கிராட் என்று பெயர் மாறிய பெத்ரோகிராடுக்குச் சென்று, பயிர்த் தாவர ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். அந்த ஆண்டு வோல்கா பகுதியில் வறட்சியும் உள்நாட்டுப் போரும் சேர்ந்து பெரும் பஞ்சத்தை உண்டாக்கின. நாட்டில் பசி தீர வேண்டும் என்றால், வறட்சி, குளிர், நோய் ஆகியவற்றைத் தாங்கும் குணங்கள் உலகில் எங்கெங்கே இருக்கின்றனவோ அவற்றையெல்லாம் கொண்டுவர வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

1924-இல் ஆப்கானிஸ்தான் சென்றார். ஐந்து மாதங்களில் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர், பெரும்பாலும் குதிரை மீது. பிறகு மத்தியதரைக் கடல் நாடுகள், எத்தியோப்பியா, மேற்குச் சீனா, ஜப்பான், கொரியா, மெக்சிகோ, தென் அமெரிக்கா என்று பயணம் தொடர்ந்தது. போகும் இடத்தில் எல்லாம் சந்தைக்குப் போவார், களத்துக்குப் போவார், விவசாயியின் வீட்டில் இருக்கும் விதையை வாங்குவார். எந்த ஊர், என்ன உயரம், எந்த மண், எப்போது விதைப்பு என்று குறித்துக்கொள்வார்.

இந்தப் பயணங்களில் அவருக்கு ஒன்று தெளிவாயிற்று. ஒரு பயிரின் வேறுபாடு உலகம் முழுவதும் சமமாகப் பரவியிருக்கவில்லை. சில இடங்களில் அது குவிந்து கிடக்கிறது. அந்த இடங்களே அந்தப் பயிரின் தாய்வீடு என்று 1926-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். உருளைக்கிழங்குக்குத் தென் அமெரிக்க மலைகள், மக்காச்சோளத்துக்கு மெக்சிகோ. நெல், கத்தரி, வெள்ளரி, மா ஆகியவற்றை அவர் இந்தியப் பகுதியின் கணக்கில் சேர்த்தார். பிற்கால ஆய்வுகள் அவருடைய எல்லைக் கோடுகளைச் சில இடங்களில் திருத்தின. ஆனால் வேறுபாடு குவிந்த இடங்களைத் தேடிக் காக்க வேண்டும் என்ற அடிப்படை இன்றும் மாறவில்லை.

1940 வாக்கில் அவருடைய நிலையத்தில் ஏறத்தாழ 2,50,000 விதை மாதிரிகள் இருந்தன. அன்று உலகிலேயே பெரிய விதைச் சேமிப்பு அதுதான்.

ஆப்பிள் காடு சொல்லும் கணக்கு

1929-இல் அவர் கஜகஸ்தானின் அல்மா-அட்டா நகரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளுக்குச் சென்றார். அங்கே ஆப்பிள் தோப்பாக இல்லை, காடாகவே இருந்தது. பழத்தின் நிறம், அளவு, சுவை எல்லாம் மரத்துக்கு மரம் வேறுபட்டன. ஆப்பிளின் தாய்வீடு இதுதான் என்று அவர் கணித்தார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மரபணுச் சோதனைகள் அதை உறுதி செய்தன. நாம் கடையில் வாங்கும் ஆப்பிளின் முதன்மை மூதாதை அந்தக் காட்டு மரம்தான்.

இன்று அந்தக் காட்டு ஆப்பிள், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், அழிவுக்கு ஆளாகக்கூடிய இனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வீடு கட்டவும் மேய்ச்சலுக்கும் காடு அழிந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாதது. பக்கத்துத் தோட்டங்களில் வைத்த ஒட்டுரக ஆப்பிளின் மகரந்தம், தேனீக்கள் வழியாகக் காட்டு மரங்களில் கலக்கிறது. மரம் காட்டில்தான் நிற்கும். அதன் விதையில் பாதி தோட்டத்து வம்சமாக இருக்கும்.

அப்படியானால் எந்தச் சரிவை முதலில் காப்பது? எத்தனை மரங்களில் விதை எடுப்பது? இங்கேதான் தாவரக் கூட்ட மரபியல் என்ற துறை உதவுகிறது. தனி ஒரு செடியைப் பார்க்காமல், ஓர் இடத்தில் வளரும் செடிகளை ஒரே கூட்டமாக எடுத்துக்கொண்டு, எந்த மரபணு எத்தனை செடிகளில் இருக்கிறது என்று கணக்கெடுப்பது இந்தத் துறையின் வேலை. மூன்று விஷயங்களை அது சொல்லித் தரும். வேறு எங்கும் இல்லாத குணம் எந்தக் கூட்டத்தில் இருக்கிறது, எந்தக் கூட்டத்தில் அயல் கலப்பு ஏறிவிட்டது, எந்தக் கூட்டம் சிறுத்துப் போய்த் தனக்குள்ளேயே கலந்து நலிகிறது. எல்லா இடத்தையும் காக்கப் பணமும் ஆளும் கிடைக்காது. எங்கே முதலில் வேலி போடுவது, எங்கிருந்து விதை எடுத்து வங்கியில் வைப்பது என்று தீர்மானிக்க இந்தக் கணக்குத்தான் வழிகாட்டி.

ஒரு சில செடிகளில் ஒளிந்திருக்கும் குணம்

இந்தக் கணக்கு நம் வயலுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள்.

1970-களில் ஆசிய நெல் வயல்களில், புகையான் பூச்சி பரப்பும் நச்சுயிரி நோய் ஒன்று வந்தது. பயிர் புல் போலக் குட்டையாகித் தூர் மட்டும் கட்டும், கதிர் வராது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000-க்கும் மேற்பட்ட விதை மாதிரிகளைச் சோதித்தது. நம் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல் மாதிரியில் மட்டுமே நல்ல எதிர்ப்புச் சக்தி கிடைத்தது. அந்த மாதிரியிலும் எல்லாச் செடிகளும் தாங்கவில்லை, ஒரு சில செடிகளே தாங்கின. அந்தச் செடிகளின் குணத்தைச் சேர்த்து உருவான ரகங்களில் ஒன்றுதான் உங்களில் பலருக்குத் தெரிந்த ஐ.ஆர். 36. அந்தக் காட்டு நெல்லைச் சேகரித்தவர் ஒன்றிரண்டு செடிகளோடு நிறுத்தியிருந்தால் அந்தக் குணம் கைக்கு வராமலே போயிருக்கும்.

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, ஒரு மானாவாரி வயலில் நாட்டுச் சோள விதை எடுக்கப் போனேன். வெயில் அதிகம், பேருந்துக்கும் நேரமாகிவிட்டது. சாலையோரத்தில் நின்ற ஏழெட்டுக் கதிர்களை ஒடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த ஆண்டு விதைத்தபோது எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. அந்த வயலின் உள்ளே நான் கண்ணால் பார்த்த சிவப்புக் கதிரும், காய்ச்சலிலும் வாடாமல் நின்ற குட்டைச் செடியும் அதில் இல்லை. திரும்பவும் அந்த ஊருக்குப் போனேன். அந்த விவசாயி அதற்குள் வேறு பயிருக்கு மாறியிருந்தார். வீட்டிலும் விதை மிச்சமில்லை. அந்த நட்டத்தை இன்றுவரை என்னால் ஈடுகட்ட முடியவில்லை.

கணக்கு இதுதான். உங்கள் வயலில் 100 செடிகளுக்கு 5 செடிகளில் ஒரு நல்ல குணம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 செடிகளில் மட்டும் விதை எடுத்தால், அந்தக் குணம் தவறிப்போக 60 சதவீதம் வாய்ப்பு உண்டு. 60 செடிகளில் எடுத்தால், தவறிப்போகும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். விதையின் மொத்த எடை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். எத்தனை செடிகளில் இருந்து வந்தது என்பதுதான் முக்கியம்.

அறிவியலுக்கு எதிராக அதிகாரம்

வாவிலோவின் பிற்கால வாழ்க்கை துயரமானது. 1930-களின் தொடக்கத்தில் சோவியத் நாட்டில் மீண்டும் பஞ்சம் வந்தது. புதிய ரகங்களை நான்கைந்து ஆண்டுகளிலேயே கொடுக்க வேண்டும் என்று அரசு கெடு விதித்தது. நல்ல ரகம் உருவாக்க அதைவிட அதிக காலம் ஆகும் என்பதை வாவிலோவ் அறிவார். அந்த நேரத்தில் லைசென்கோ என்பவர் முன்னுக்கு வந்தார். விதையை நனைத்துக் குளிரில் வைத்து விதைத்தால் விளைச்சல் பெருகும், பயிரின் இயல்பையே வளர்ப்பு முறையால் மாற்றிவிடலாம் என்று அவர் உறுதி கூறினார். மரபணு என்பதையே அவர் மறுத்தார். விரைவில் பலன் வேண்டிய ஆட்சியாளர்களுக்கு அந்தப் பேச்சு பிடித்துப் போயிற்று.

தொடக்கத்தில் வாவிலோவும் லைசென்கோவை ஆதரித்தவர்தான். எளிய விவசாயக் குடும்பத்தில் இருந்து வந்தவர், புதிய முயற்சி செய்கிறார் என்று அவரை ஊக்குவித்தார். பிறகு சோதனைச் சான்று இல்லாத பேச்சு நாட்டைக் கெடுக்கும் என்று தெரிந்ததும் வெளிப்படையாக எதிர்த்தார். 1935-இல் வேளாண் அறிவியல் கழகத்தின் தலைவர் பதவியில் இருந்து அவர் நீக்கப்பட்டார். 1938-இல் அந்தப் பதவிக்கு லைசென்கோவே வந்தார்.

1940 ஆகஸ்ட் 6 அன்று, மேற்கு உக்ரைனில் விதை சேகரித்துக்கொண்டிருந்தபோது வாவிலோவ் கைது செய்யப்பட்டார். விவசாயத்தை நாசம் செய்தார், வெளிநாட்டுக்கு உளவு சொன்னார் என்று பொய்க் குற்றம் சாட்டினார்கள். 1941-இல் மரண தண்டனை விதித்து, மறு ஆண்டு அதை 20 ஆண்டு சிறையாகக் குறைத்தார்கள். அடைத்து வைத்த இடம், அவர் ஒரு காலத்தில் பேராசிரியராக இருந்த அதே சராத்தோவ். அவருடைய மனைவி எலேனா பாருலினா மைசூர்ப் பருப்புப் பயிரில் ஆராய்ச்சி செய்தவர். போரால் இடம்பெயர்ந்து மகனோடு அவரும் சராத்தோவில்தான் இருந்தார். கணவர் அதே ஊர்ச் சிறையில் இருப்பது தெரியாமல், மாஸ்கோவுக்கு உணவுப் பொட்டலம் அனுப்பிக்கொண்டிருந்தார். 1943 ஜனவரி 26 அன்று, போதிய உணவின்றி உடல் நலிந்து வாவிலோவ் இறந்தார். வயது 55. நாட்டின் பசியைத் தீர்க்க அலைந்தவரின் முடிவு இப்படி ஆயிற்று. 1955-இல் அவர் மீதான தண்டனையை அரசே ரத்து செய்தது.

விதை நெல்லைத் தின்னாதவர்கள்

அவர் சிறையில் இருந்தபோது லெனின்கிராட் நகரை ஜெர்மன் படைகள் முற்றுகையிட்டன. 1941 செப்டம்பரில் தொடங்கிய முற்றுகை 1944 ஜனவரி வரை நீடித்தது. முதல் குளிர்காலத்தில் பலருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டி. ஊரே பட்டினியில் செத்தது.

வாவிலோவின் நிலையத்தில் டன் கணக்கில் நெல், கோதுமை, பருப்பு, நிலக்கடலை இருந்தன. ஊழியர்கள் முறைவைத்து இரவு பகலாக எலியிடம் இருந்தும் திருட்டில் இருந்தும் அவற்றைக் காத்தார்கள். நெல் விதைகளுக்குப் பொறுப்பாளரான திமித்ரி இவானோவ் பட்டினியால் இறந்தார். அவருடைய அறையில் ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்கள் பிரிக்காமலே இருந்தன. நிலக்கடலை ஆராய்ச்சியாளர் அலெக்சாந்தர் ஷூக்கின் தன் மேசையிலேயே உயிர் விட்டார். இன்னும் பல ஊழியர்களும் அப்படியே இறந்தார்கள். விதைகள் பிழைத்தன. அந்த நிலையம் இன்று வாவிலோவின் பெயரிலேயே இயங்குகிறது.

விதை நெல்லைத் தின்னக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதற்காக உயிரையே கொடுத்தவர்கள் இவர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

வாவிலோவ் போல நாம் மலை ஏற வேண்டியதில்லை. உங்களிடம் ஒரு நாட்டு ரகம் இருந்தால், இவற்றைக் கடைப்பிடித்தால் போதும்.

1. நெல், உளுந்து போன்ற தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர்களில், வயலின் எல்லாப் பகுதிகளிலும் நடந்து, குறைந்தது 60 செடிகளில் இருந்து கதிர் அல்லது காய் எடுங்கள். மேட்டிலும் எடுங்கள், தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும் எடுங்கள். வரப்போரத்தைத் தவிருங்கள்.

2. மக்காச்சோளம், கம்பு போன்ற அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர்களில் 100 கதிர்களுக்குக் குறையாமல் எடுத்து, ஒவ்வொன்றிலும் சம அளவு விதை எடுத்துக் கலந்து வையுங்கள். 10 கதிர்களை மட்டும் வைத்து ஒவ்வொரு முறையும் விதைத்தால், ஒரு தலைமுறைக்குச் சுமார் 5 சதவீத வேறுபாடு கரையும். பத்துத் தலைமுறையில் 40 சதவீதம் போய்விடும். 100 கதிர்கள் வைத்தால் அதே பத்துத் தலைமுறையில் போவது 5 சதவீதம்தான்.

3. பக்கத்து வயலில் வீரிய ஒட்டு ரகம் இருந்தால், பூக்கும் காலம் ஒன்றாக வராதபடி விதைப்பைத் தள்ளி வையுங்கள். விதைக்கு வயலின் நடுப்பகுதியைப் பயன்படுத்துங்கள். காட்டு ஆப்பிளுக்கு வந்த கலப்பு உங்கள் ரகத்துக்கு வர வேண்டாம்.

4. நோயுள்ள செடி, வேறு ரகத்தின் கலவன் ஆகியவற்றை நீக்குங்கள். ஆனால் கொஞ்சம் முன்பின் பூப்பது, நிறம் சற்று மாறுவது போன்ற நாட்டு ரகத்தின் இயல்பான வேறுபாட்டைக் களையாதீர்கள்.

5. விதையை நன்கு காயவைத்து, பாதியை வேறு ஒரு வீட்டில் வையுங்கள். ஒரு வெள்ளமோ தீயோ வந்தால் மற்றது மிஞ்சும்.

6. உங்கள் ரகத்தை அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2001-இன் கீழ் விவசாயி தன் பாரம்பரிய ரகத்தைத் தன் பெயரில் பதிவு செய்யலாம். அதற்கு விவசாயிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த முறை நாட்டு ரகங்களுக்கு மட்டுமே. அரசு வெளியிட்ட ரகங்களில் இனத்தூய்மை முக்கியம், அங்கே கலவன் நீக்கியே விதை எடுக்க வேண்டும். வீரிய ஒட்டு ரகங்களில் விதை எடுத்து விதைத்தால் விளைச்சல் குறையும், அவற்றில் விதை எடுக்க வேண்டாம்.

வரும் அறுவடையில் அரிவாள் வைப்பதற்கு முன், ஒரு மாலை நேரம் ஒதுக்கி, ஒரு பையோடு வயலுக்குள் நடந்து பாருங்கள். அறுபது செடிகளை எண்ணி எடுக்க அரை மணி நேரம் ஆகும். வெயிலுக்கும் பேருந்துக்கும் பயந்து நான் அன்று செலவிடாமல் விட்டது அந்த அரை மணி நேரத்தைத்தான்.